மூன்றாவது டிரம்

செப்டம்பர் 3, ஞாயிறு

மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். வேறு யாரும் எண்ணவில்லை, நான்தான் எண்ணுகிறேன்.

வீட்டில் மொத்தம் நான்கு பேர். மகள் செண்பகா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை குற்றாலநாதன் விதைக் கம்பெனியில் ஏரியா மேனேஜர், வாரத்தில் நாலு நாள் வெளியூர். அவருடைய அம்மா ஆவுடையம்மாள். நாலாவது ஆள் நான், பிரமநாயகம், விருந்தாளி என்று சொல்லிக்கொள்கிறேன். இவர்களைத் தவிர புழக்கடையில் சிமெண்ட் குளத்தில் இருபத்து மூன்று மீன்கள். ஜப்பான் வகை, கோய் என்று பெயர். செண்பகாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. மீன்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள்.

காலையில் இட்லி சாப்பிடும்போது மாப்பிள்ளை குறைப்பட்டார். தண்ணீர் பச்சையாகிவிட்டது, மீன் கண்ணுக்கே தெரியவில்லை, கடையில் வாங்கிய ஃபில்டர் பதினோராயிரம் லிட்டர் குளத்துக்குக் காணாது என்று. நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தோரு வருஷம் நகராட்சி ஃபில்டர் ஹவுஸில் இருந்தவன். ஒரு ஊருக்கே தண்ணீர் வடிகட்டியவனுக்கு இருபத்து மூன்று மீன் எம்மாத்திரம் என்றும் சொன்னேன். அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அதற்குப் பிறகு இட்லி தொண்டையில் சுலபமாக இறங்கியது.

ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று செண்பகா கேட்டாள். இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மூன்று நீல டிரம் வந்தது, ஒவ்வொன்றும் இருநூறு லிட்டர். ஊறுகாய் கம்பெனியில் இருந்தவை. மூன்று நாள் கழுவினாலும் மாங்காய் வாடை போகாது.

செப்டம்பர் 8, வெள்ளி

மாப்பிள்ளையோடு வாக்குவாதம். வாக்குவாதம் என்று சொல்லக் கூடாது, மாப்பிள்ளையோடு யாரும் வாக்குவாதம் செய்வதில்லை. அபிப்பிராய பேதம்.

முதல் டிரம்மில் இருவருக்கும் ஒரே எண்ணம். தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து சுற்ற வேண்டும், கசடு அடியில் தங்க வேண்டும். இரண்டாவதில் ஸ்பாஞ்சு. அதுவும் சரி. மூன்றாவது டிரம்மில்தான் பிரச்சினை. எங்கள் ஃபில்டர் ஹவுஸில் போலக் கூழாங்கல், சரளை, மணல் என்று அடுக்கு போடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்கிறார். பிளாஸ்டிக் பைப்பைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் போட வேண்டுமாம், பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரும் போட வேண்டுமாம். அதன் மேல் கொஞ்ச நாளில் பழுப்பாக வழவழவென்று ஒரு பாசி மாதிரி படியுமாம். அதில் பாக்டீரியா குடியிருக்குமாம். மீனின் கழிவில் உள்ள விஷத்தை அதுதான் தின்று தீர்க்குமாம்.

“அந்த அழுக்குதான் மாமா வேல செய்யுது. மூணாவது டிரம்ம மட்டும் கழுவவே கூடாது” என்றார்.

முப்பத்தோரு வருஷம் நான் பாக்டீரியாவைக் கொன்று சம்பளம் வாங்கினேன். இப்போது அதற்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். சரி என்றேன். அவருடைய குளம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பைப் நறுக்கினேன். ஹாக்ஸாவால் ஒரு மணி நேரத்தில் நாற்பது துண்டு. ஆவுடையம்மாள் வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்து வந்து உட்கார்ந்துகொண்டார். வயரிங் வேலைக்குப் போடும் மெல்லிய பைப்தான். வெண்டைக்காய் போல நறுக்கித் தள்ளினார். அரை மணியில் வாளி நிறைந்தது.

வீட்டுக்காரர் இருந்த காலத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிய கை என்றார். எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனாலும் சிரிப்பும் வந்தது. என் மனைவி போன இரண்டு வருஷத்தில் யாரோடும் உட்கார்ந்து இப்படி வேலை செய்ததில்லை.

செப்டம்பர் 13, புதன்

டிரம்மில் பைப்பைச் சேர்க்கும் டேங்க் நிப்பிள் ஒழுகியது. வாஷரைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்தேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் முதல் டிரம்மில் சுற்றியது, இரண்டாவதில் ஏறியது, மூன்றாவதில் பைப் துண்டுகளுக்கு இடையே புகுந்து மறுபடி குளத்தில் விழுந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். செண்பகா போனில் படம் எடுத்தாள். இந்த வீட்டில் இன்றைக்குத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்டோபர் 6, வெள்ளி

தண்ணீர் தெளிந்துவிட்டது. அடியில் கிடக்கும் ஐந்து ரூபாய்க் காசு தெரிகிறது. அது யார் போட்டதோ.

மீன்களை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன். வெள்ளச்சி என்று ஒன்று, உடம்பெல்லாம் பால் வெள்ளை. ஒன்பது வருஷமாக வளர்க்கிறார். மாப்பிள்ளை தண்ணீரில் கையை வைத்தால் உள்ளங்கையில் வாயை வைத்து இரை தின்கிறது. அவர் அதனிடம் ஏதோ பேசுகிறார். நான் பார்ப்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

மூன்றாவது டிரம்மைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது போலவே பைப் துண்டெல்லாம் பழுப்பு, வழவழப்பு. உடனே மூடிவிட்டேன். எங்கள் சூப்பிரண்டு பார்த்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்.

அக்டோபர் 15, ஞாயிறு

கொலு வைத்தாயிற்று. ஏழு படி. இனி ஒன்பது நாளும் சுண்டல்.

அக்டோபர் 19, வியாழன்

தெருப் பெண்கள் வந்து போனார்கள். ஒருத்தி, மாமா யார் என்று கேட்டாள். செண்பகா அப்பா, சும்மா வந்திருக்கிறார் என்று ஆவுடையம்மாள் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ‘சும்மா’ என்ற சொல் மட்டும் எனக்குச் சாயங்காலம் வரை காதில் இருந்தது.

மிஞ்சிய கொண்டைக்கடலையில் ஒரு பிடி எடுத்து மீனுக்குப் போட்டார். ஆசையாகத் தின்கிறதே என்கிறார். ஒரு பிடிதான்.

அக்டோபர் 22, ஞாயிறு

நாளை ஆயுத பூஜை. மாப்பிள்ளை தேனிப் பக்கம் போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். செண்பகா பள்ளிக்கூட பூஜைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு ஒரு மெஷின் செய்து கொடுத்தவன் நான். அதற்குப் பூஜை போட வேண்டியவனும் நான்தான்.

பூஜைக்கு முதல் நாள் ஃபில்டர் ஹவுஸ் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியாது. வால்வு ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்போம். தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்போம். கரையோடு ஒரு பொருளைச் சாமி முன்னால் வைக்க மாட்டோம்.

மூன்று டிரம்மையும் காலி செய்தேன். ஸ்பாஞ்சையும் பைப் துண்டையும் நைலான் நாரையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். குளோரின் மீனுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? ஏழு தடவை நல்ல தண்ணீரில் அலசி, மோந்து பார்த்து, வெயிலில் காயவைத்தேன். பைப் துண்டெல்லாம் வாங்கிய அன்று இருந்தது போல வெள்ளை வெளேரென்று. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

மூன்றாவது டிரம்மைக் கழுவக் கூடாது என்று மாப்பிள்ளை சொன்னது நினைவில் இருந்தது. அது தினசரிக் கழுவுவதைப் பற்றிச் சொன்னது. வருஷத்துக்கு ஒரு நாளைப் பற்றி அல்ல.

அக்டோபர் 23, திங்கள்

பூஜை திவ்யமாக நடந்தது. மோட்டாரைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, ஹாக்ஸா, பைப் ரெஞ்சோடு சேர்த்துக் கொலுவுக்கு முன்னால் வைத்தேன். டிரம் மூன்றுக்கும் பெரிய பொட்டு, ஒரு முழம் சாமந்தி. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. மீனுக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் தனியாக ஓடுகிறது, அதனால் பயமில்லை.

ஃபில்டர் ஹவுஸில் வடிகட்டும் மணல் படுகை, பெட் என்போம், நாலு உண்டு. பூஜைக்கு ஒன்றை மட்டும்தான் நிறுத்துவோம். இங்கே இருப்பதே ஒன்று. அது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. காலையில் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் பளிங்கு. தெருவில் தசரா மேளம். ஆவுடையம்மாள் நேற்றைய சுண்டலில் மிஞ்சியதைக் குளத்தில் போட்டார்.

அக்டோபர் 25, புதன்

மீன்கள் இரை எடுக்கவில்லை. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

விடியும்போது ஆறு மிதந்தன. மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கும்போது ஒன்பது. பையைக் கூட வைக்காமல் குளத்தில் இறங்கினார். பாதித் தண்ணீரை வெளியேற்றி மேல்தொட்டித் தண்ணீரை விட்டோம். மத்தியானத்துக்குள் பதினான்கு. வெள்ளச்சி கடைசியாகப் போனது. அவர் மடியில் வைத்துக்கொண்டு அதன் செவுளில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். அது செத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. செண்பகாதான் கையிலிருந்து வாங்கினாள்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுப் பார்த்தார். கரும்பச்சையாக மாறியது. அமோனியா ஏறிவிட்டது என்றார். காரணம் தேடினார்கள். முதல் டிரம்மின் அடியில் சுண்டல் கிடந்தது. ஊறி, அழுகி, நாற்றம். தின்னாமல் விட்ட தீனி அழுகினால் அமோனியா ஏறுமாம்.

மாப்பிள்ளை அவர் அம்மாவை ரொம்பப் பேசிவிட்டார். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

அக்டோபர் 27, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டவை இருக்கின்றன.

ஃபில்டரைத் தொட்டீர்களா மாமா என்று அவர் என்னைக் கேட்டார். பொட்டு வைத்தேன், மோட்டாரை ஒரு நாள் நிறுத்தினேன், அவ்வளவுதான் என்றேன். ஒரு நாள் நிறுத்தினதற்கு இவ்வளவு ஆகாதே என்று யோசித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் முதல் டிரம்மில் சுண்டல் கிடக்கிறது என்றேன். ‘காரணம் தேடினார்கள்’ என்று நேற்று எழுதியிருக்கிறேன். தேடிக் கொடுத்தது நான். பத்துப் பன்னிரண்டு கடலை இருக்கும். அது அத்தனை பெரிய குளத்தை ஒன்றும் செய்யாது.

அதோடு முடியவில்லை. மூன்றாவது டிரம்மையும் திறந்தார். பைப் துண்டு வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார். அமோனியா தாங்காமல் பாக்டீரியாவெல்லாம் செத்து உதிர்ந்துபோயிருக்கும் போல என்று அவராகவே சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அப்படித்தான் இருக்கும். மூன்று சொல் கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் பின்பக்கத்தில் இருக்கும் மருந்துக் குறிப்பும் போய்விடும் என்று ஒரு சாக்குச் சொல்லி விட்டுவைத்தேன்.

அக்டோபர் 28, சனி

புழக்கடைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. ஆவுடையம்மாள் குளத்துப் பக்கம் வரக் கூடாது. கொடி அங்கேதான் இருக்கிறது. இனி துணி காயப் போட மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். அவருக்கு முழங்கால் வலி.

கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றித் தனியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போகலாம் என்று எழுந்தேன். போகவில்லை.

மாப்பிள்ளை என்னிடம் மட்டும் மரியாதையாகப் பேசுகிறார். நீங்க பாடுபட்டுச் செஞ்சது மாமா, இப்படி ஆயிருச்சே என்று என்னைத் தேற்றுகிறார். செருப்பால் அடித்தாலும் இப்படி வலிக்காது.

அக்டோபர் 29, ஞாயிறு

ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஊரில் வீடு இல்லை. வாடகை வீடுதான், ஆனி மாதமே காலி செய்து ஓனரிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். தனியாகச் சமைத்துச் சாப்பிட முடியவில்லை. யாரும் இல்லாத வீட்டில் பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று சமையல்கட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். மகளிடம் நேரடியாக, என்னை வைத்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. பத்து நாள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

செண்பகாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு ஆவுடையம்மாள் ஈரத்துணி வாளியோடு மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். நான் போய் வாளியை வாங்கிக்கொண்டேன். மேலே போனதும் சொன்னேன்.

“மீன் செத்தது உங்க சுண்டலால இல்ல.”

“தெரியும்” என்று சேலையை உதறினார்.

எப்படி என்றேன்.

“அன்னைக்கு ஸ்பாஞ்சயும் மூணாவது டிரம் நாரயும் கொடியில காயப் போட்டிருந்தியள்லா. மழ வார மாதிரி இருக்கேன்னு நாந்தான் எடுத்து உள்ள வச்சேன். கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாட. தேங்கா துருவுததுக்கு முன்னால மூணு மட்டம் கை கழுவுனேன். மூணாவது டிரம்ம கழுவாதீங்கன்னு அவன் படிச்சுப் படிச்சு சொன்னத நானும் கேட்டுட்டுத்தான இருந்தேன்.”

பிறகு ஏன் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை என்றேன். துணியை விரித்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“அவன் ஏசுனா நான் எங்க போகப் போறேன்? இது எம்மவன் வீடு. இன்னைக்கு ஏசுவான், நாளைக்கு அம்மாம்பான். நீங்க இருக்கது மக வீடு, அண்ணாச்சி. ஒரு சொல்லு விழுந்தா பையத் தூக்கிருவிய. தூக்கிட்டு எங்க போவிய?”

ஊர் வீடு இருக்கிறதே என்று வாயெடுத்தேன்.

“ஒங்க ஊரு வீட்டு ஓனரு ஆவணியிலயே போன் போட்டுட்டாரு. ஒரு பழைய கட்டிலு கெடக்கு, எடுத்துக்கிடுதியளான்னு. செண்பகாதான் பேசுனா. அப்பாகிட்ட யாரும் கேக்கப்படாதுன்னு சொல்லிட்டா. நாங்களும் கேக்கல.”

செப்டம்பர் மூன்றாம் தேதி செண்பகா சாவியைப் பற்றிக் கேட்டாள் என்று எழுதியிருக்கிறேன். அப்போதே அவளுக்குத் தெரியும். நானாகச் சொல்லட்டும் என்று ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறாள்.

இதை இத்தோடு விடுங்கள், ஆறிப்போன விஷயத்தைக் கிளற வேண்டாம் என்று ஆவுடையம்மாள் முடித்துவிட்டார். காலி வாளியை நான் தூக்கி வந்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

சொல்லவில்லை.

நவம்பர் 1, புதன்

சொல்லவில்லை. மாப்பிள்ளை ராஜபாளையம் போயிருக்கிறார், போனில் சொல்வது முறையல்ல.

நவம்பர் 3, வெள்ளி

மாப்பிள்ளை நேற்றே வந்துவிட்டார். ரெண்டு நாளும் முன்னறையில் அவரோடு டிவி பார்த்தேன்.

ஆவுடையம்மாளே வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு யோசனை. வசதியான யோசனை. இருபத்தாறாம் தேதி செய்ததை விட இந்த நாலு நாளாகச் செய்வதுதான் மோசம். அன்று பயத்தில் உளறினேன். இப்போது நிதானமாக, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு பொம்பளையின் தலையில் என் தப்பை ஏற்றிவைத்து அவர் கையாலேயே காப்பி வாங்கிக் குடிக்கிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு

மாப்பிள்ளையின் சிநேகிதர் ஜெபசிங் நாகர்கோவிலிலிருந்து வந்தார். பல் டாக்டர். அவரும் மீன் வளர்க்கிறவர். துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, காற்றடைத்த பைகளில் ஐந்து குஞ்சு மீன் கொண்டுவந்தார். குளம் இன்னும் தேறவில்லை என்பதால் அவற்றைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டோம். தாழ்ப்பாளைத் திறந்து எல்லோரும் குளத்தங்கரையில் நின்றிருந்தோம். ஆவுடையம்மாள் காப்பித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். படியைத் தாண்டவில்லை.

எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

“மீனு வளக்க வீட்டுல அம்மாமார வச்சிருக்கப்படாது டாக்டர்” என்று மாப்பிள்ளை சிரித்தார். “எங்கம்மா நவராத்திரிக்கு என் மீனையெல்லாம் கைலாசத்துக்கு அனுப்பிட்டா.”

டாக்டர் சங்கடமாகச் சிரித்தார். ஆவுடையம்மாளும் சிரித்தார். ஆமா, சாமிக்குப் படைச்சதுல அதுகளுக்கும் பங்கு குடுத்தேன், வயிறு நெறஞ்சு போய்ச் சேந்துட்டு என்று அவரும் ஒரு வேடிக்கை சொன்னார். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது.

“சுண்டல் இல்ல மாப்பிள்ள” என்றேன். “நான்தான். மூணாவது டிரம்ம பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுனேன். பூஜைக்கு. நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். சுண்டல எடுத்துக் காட்டுனதும் பழி உங்க அம்மா மேல போகட்டும்னுதான்.”

டாக்டர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நோயாளி காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை.

முதலில் வாய் திறந்தவர் ஆவுடையம்மாள். அவருக்கு என் மேல் கோபம்.

“பத்து நாளா நான் வாங்குன ஏச்ச ஒரு நிமிசத்துல வீணாக்கிட்டியளே அண்ணாச்சி” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாப்பிள்ளை என்னை அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் கிளம்பிவிடலாம் என்று கூட ஒரு மூலையில் ஆசை இருந்தது. அவர் குளத்து விளிம்பில் உட்கார்ந்தார். உங்கம்மாவுக்குத் தெரியும், எனக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னேன். வீடு இல்லாததையும் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் சொன்னேன்.

தலையைத் தூக்காமலே பேசினார்.

“மீனு போச்சு. வேற வாங்கிக்கிடலாம். எங்கம்மாவ நான் பேசுனதையெல்லாம் என்ன செய்ய மாமா?”

செண்பகா என் பக்கத்தில் வந்தாள். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாப்பா என்றாள். எதைச் சொல்லியிருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. இரண்டையும்தான். தலையாட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் அவளுடைய முகத்தைப் பார்க்கப் பயப்பட்டதில்லை. இன்று பயந்தேன்.

நவம்பர் 6, திங்கள்

மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டார். விடிந்ததிலிருந்து புழக்கடையிலேயே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். போகச் சொல்லவில்லை.

ஜெபசிங் டாக்டர் தன் குளத்திலிருந்து ஒரு மூட்டை நைலான் நார் அனுப்பியிருந்தார். பழுப்பேறி வழவழவென்று இருந்தது. மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம். அழுக்கு உதிராமல் மூன்றாவது டிரம்முக்குள் இறக்கினோம். பிடிங்க மாமா, மெதுவா மாமா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கை கழுவப் போகும்போதுதான் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருப்பதைப் பார்த்தேன்.

அம்மாவிடம் பேசினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையாம். ராத்திரி அம்மாவின் அறைக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாராம். நானும் இன்று காலையில் சமையல்கட்டு வாசல் வரை போய்த் திரும்பியதைச் சொன்னேன். இரண்டு பேரும் குளத்து விளிம்பில் உட்கார்ந்தோம். மிச்சமிருந்த ஒன்பது மீனும் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன.

“தோச ஆறுது” என்று உள்ளேயிருந்து ஆவுடையம்மாளின் குரல் கேட்டது. யாரைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. பெயர் சொல்லவில்லை.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நீங்க போங்க மாமா என்றார். நீங்கள் போங்கள் என்றேன். ஆவுடையம்மாள் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

தப்பு என்னிடத்தில் ஆரம்பித்தது. நான் முதலில் எழுந்து உள்ளே போனேன்.